லியாப்பின் இடது கன்னம்

லியாப் சினிமாப் படமாக வருகிறாள் என்று செய்தி வந்த அன்று, மணிலாவின் டோண்டோ பகுதியில் ஒரு சந்து முழுவதும் செரஃபினாவின் வாசலில் கூடிவிட்டது. லியாப், செரஃபினாவின் கணவன் டென்சியோ எழுபதுகளில் வரைந்த படக்கதை நாயகி. பகலில் தெருவோரம் சோளம் சுட்டு விற்பாள். எங்காவது குடிசை பற்றிக்கொண்டால் உள்ளே பாய்ந்து நெருப்பையே விழுங்கிவிடுவாள். வாராவாரம் அவள் கதை வந்த பத்திரிகைக்காகக் கடை வாசலில் அடிதடி நடந்த காலம் உண்டு. பிறகு படக்கதைப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாய் நின்றுபோயின. லியாப்பும் பழைய பேப்பர்க் கட்டுக்குள் போய்விட்டாள். இப்போது பெரிய கம்பெனி ஒன்று அவளை வெளியே இழுத்திருக்கிறது.

"ஆலிங் பினா, இனிமே உங்க முகத்தைப் பாக்கணும்னா டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு நெனிட்டா. செரஃபினாவை எல்லாரும் பினா என்பார்கள்; 'ஆலிங்' என்றால் அக்கா மாதிரி.

"உனக்கு மட்டும் ரெண்டு டிக்கெட். உன் வாய்க்கு ஒரு சீட்டு தனியா வேணுமே."

லியாப்பின் முகம் செரஃபினாவின் முகம்தான். சிறுபிள்ளையாக இருந்தபோது அவள் குடியிருந்த குடிசை வரிசை முழுக்க எரிந்தது; இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தழும்பு இறங்கியது. வயது வந்த பிறகும் அந்தப் பக்கத்துக்குக் கூந்தலைத் திரைபோல் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடந்தாள். அம்மாவின் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் வந்த ஒல்லிப் பையன் டென்சியோ, ஒருநாள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகையை வைத்தான். அட்டையில் நெருப்பைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். காற்றில் கூந்தல் பின்னால் பறந்தது. தழும்பு ஒரு கோடு குறையாமல் தெரிந்தது.

அவள் கரண்டியை ஓங்கிவிட்டாள். "யாரைக் கேட்டு வரைஞ்சே?"

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பே. எனக்கு இந்த முகந்தான் வேணும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். ஜீப்னி என்ற ஷேர் வண்டி ஓட்டுநர்கள் "லியாப், முன்னாடி வந்து உக்காரு!" என்று கூப்பிடுவார்கள். தீயில் வெந்த பெண்பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிவருவார்கள். செரஃபினா புத்திமதி எதுவும் சொன்னதில்லை. பிள்ளையை அருகில் உட்காரவைத்துச் சோறு போடுவாள். போகும்போது அந்தப் பிள்ளை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கும். அவளும் குனிந்து காட்டுவாள்.

முதல் காட்சி கெசோன் சிட்டியில் ஒரு பெரிய மாலில், மத்தியானம் நடந்தது. நெனிட்டா இரவல் கொடுத்த முத்துமாலையைப் போட்டுக்கொண்டு செரஃபினா முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் அந்த இளம் நடிகை தழும்போடு திரும்பிப் பார்த்ததும், டென்சியோவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஊரையே தின்ன வந்த பெருநெருப்பை லியாப் விழுங்கினாள். நெஞ்சிலிருந்து ஒரு வெளிச்சம் முகத்துக்கு ஏறியது. தழும்பு மெல்ல மெல்ல மறைந்து, கன்னம் உரித்த முட்டையைப் போல வழவழவென்று ஆனது.

அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கைதட்டுவதற்காக டென்சியோ அவள் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டான்.

வெளியே விருந்து. திரைக்கதை எழுதிய கெசாயா என்ற இளம்பெண், அத்தை என்று கூப்பிடும் முறையில் "டீட்டா!" என்றபடி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். செரஃபினா ஓரடி பின்வாங்கினாள்.

"யாரும்மா உனக்கு அனுமதி கொடுத்தது, என் முகத்தைத் துடைச்சு எடுக்க?"

கெசாயாவின் முகம் வெளுத்தது. "டீட்டா... உங்களுக்குத் தெரியாதா? நான் கடைசிவரைக்கும் தழும்போடதான் எழுதியிருந்தேன். டைரக்டருக்கும் அதுதான் பிடிச்சிருந்தது. சார்தான் விடவே இல்லை."

"எந்த சார்?"

"உங்க வீட்டுக்காரர்தான், டீட்டா. முடிவுல தழும்பு போயே ஆகணும், இல்லேன்னா கதையையே தரமாட்டேன்னுட்டார். நீங்களும் அதைத்தான் விரும்புறீங்கன்னு சொன்னார்."

டென்சியோ அந்தப் பக்கம் ஒரு தட்டு நூடுல்ஸோடு நின்று, பத்திரிகைக்காரர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். செரஃபினா போய் அவன் சட்டைக்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள்.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

மறைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. முகம் மலர்ந்திருந்தது. "உனக்குத் தெரியாம வச்சிருந்தேன். நல்லா இருந்துச்சில்ல? உனக்காகத்தான் பினா. என் கையால உனக்குச் செய்ய முடியாததைத் திரையிலயாவது செஞ்சு பாத்துடணும்னு..."

"எனக்கு வேணும்னு நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லணுமா என்ன? வேணாம்னு யாராவது இருப்பாங்களா?"

"இந்த முகந்தான் வேணும்னு சொன்னியே."

"சொன்னேன். அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். ஆனா மனுசன்தானே நான்? அது இல்லாம நீ எப்படி இருந்திருப்பேன்னு எப்பவாவது நினைக்காம இருக்க முடியுமா?"

"எப்பவாவதா?"

அவன் தட்டைப் பார்த்தான்.

இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். விளக்கடியில் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அப்படியே இரு, அசையாதே" என்று சொல்லிச் சொல்லி வரைந்திருக்கிறான். அப்போதெல்லாம் அவன் கண் யாரைத் தேடியது? ஊரில் எத்தனையோ பேர் அவள் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். இவன் ஒருவன்தான் அப்படியில்லை என்று நம்பியிருந்தாள். உச்சுக்கொட்டாமலே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறான்.

அவனை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்னி பிடித்து வீட்டுக்கு வந்தாள். முத்துமாலையை நெனிட்டாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, "படம் எப்படி?" என்று கேட்டாள் அவள்.

"நாயகி அழகா இருக்கா" என்றாள் செரஃபினா.

அந்த வாரமே லுசேனாவில் இருந்த தங்கை அம்பாரோவின் வீட்டுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் முழுக்கப் படம் ஓடியது. டென்சியோவுக்கு மாலையும் கேடயமும் கிடைத்தன. டோண்டோவில் யார் கேட்டாலும், தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வந்தான். அவளுக்குப் பிடித்த அரிசி கேக்கை வாழையிலையில் சுற்றி எடுத்துவந்திருந்தான்.

"ரெண்டாம் பாகம் எடுக்கறாங்களாம். தழும்பைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லிட்டேன்."

"அவளுக்கு வேணும்னா வையுங்க. அவ உன் கதையில உள்ளவ."

"பினா, வாய் தவறிச் சொல்லிட்டேன். மறந்துடக் கூடாதா?"

"நீ வாய் தவறி ஒண்ணும் சொல்லல டென்சியோ. சந்தோஷமாச் சொன்னே. அதான் என்னால முடியல."

அவன் அழுதான். அம்பாரோ எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். செரஃபினா புளிக்குழம்பைச் சூடாக்கி அவனுக்குச் சோறு போட்டாள். மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள், அவன் கண்பார்வை மங்கிவிட்டதால். சாப்பிட்டு முடித்ததும் பஸ் நிறுத்தம்வரை கூடவே போனாள். எப்போது வருவாய் என்று அவன் கேட்க, "நீ வேணா வந்து பாத்துட்டுப் போ" என்றாள்.

அவனும் வந்துகொண்டுதான் இருந்தான். அவள் டோண்டோவுக்குத் திரும்பவில்லை.