நீர்மூழ்கிக்கு ஏது கயிறு

மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சொல்லிவைத்தவர் கடலை எட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. தூத்துக்குடியில் மச்சான் தயவு வேண்டியது இறங்குவதற்குத்தான். சங்கோ முத்தோ, குளிக்கப் போகிறவனின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூலிக்குப் பிடிக்கிறவன் கண்ணயரலாம். தங்கச்சி தாலியைக் கையில் பிடித்திருப்பவன் அயரமாட்டான். அப்படித்தான் ஹென்றியின் கயிறு, கல்யாணத்துக்கு மறுவாரமே மச்சான் ரோச்சின் கைக்கு வந்தது. கீழே ஒரு சுண்டு சுண்டினால் ரோச் இழுப்பான். மேலே வந்த ஹென்றி, "தூங்கிட்டீரா மச்சான்?" என்று நக்கலடித்த பிறகுதான் மூச்சே விடுவான்.

யுத்தம் வந்தபோது சங்குக் குளிப்பின் வருமானம் கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. ரோச் தோணி கட்டும் தச்சுவேலைக்குப் போனான். ஹென்றி சரக்குக் கப்பலில் ஏறினான். கப்பலில் போகிறவனுக்கு யார் கயிறு பிடிப்பது? நாற்பத்திரண்டில் அந்தக் கப்பலை வங்கக் கடலில் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. சேதி சொல்ல வந்த கப்பல் ஆபீஸ் பியூன் பிச்சையா வாசலிலேயே நின்றுகொண்டு, "நீர்மூழ்கி கொண்டு போயிட்டும்மா" என்றார். செத்துப்போனான் என்று சொல்ல அந்த நல்ல மனுஷருக்கு நாக்கு எழவில்லை.

வந்தது வினை. ரோச்சின் தங்கை சலேத்தம்மாள் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "கொண்டு போனது கொண்டாந்து விடும்" என்றாள். தாலியைக் கழற்றவில்லை. நவம்பரில் இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாள் வந்தால் ஹென்றி பேரில் பூசை வைக்க விடவில்லை. பூசை இல்லாமல் மச்சானின் ஆத்துமா எங்கே அலைகிறதோ என்று ரோச் கவலைப்படுவான். ஆனாலும், "அவன் இனி இல்லளா" என்று தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை.

நாற்பத்து நாலில் யுத்த நிதிக்குப் பொருட்காட்சி வைத்தார்கள். பொறுப்பாளர் நாசரேத் ஊர்க்காரர், கிருபாநிதி வாத்தியார். கிறிஸ்மஸுக்குக் கோயில் குடிலை ரோச்தான் ஜோடிப்பான் என்று கேள்விப்பட்டு, இங்கிலீஷ் பத்திரிகைப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நீர்மூழ்கியின் விலாவைப் பிளந்து உள்ளே காட்டுகிற படம். கடலடியோடு சேர்த்து, மேல்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே செய்ய வேண்டுமாம்.

ரோச் உடனே ஒத்துக்கொண்டான். பாலன் பிறந்த மாட்டுத்தொழுவம் செய்த கைக்கு இது எம்மாத்திரம்? ஆனால் அவன் போட்ட கணக்கு வேறு. உள்ளே எவ்வளவு இடுக்கு என்று சலேத்தம்மாள் கண்ணால் பார்த்துவிட்டால், இதில் யாரையும் கொண்டுபோக இடமில்லை என்று அவளே தெரிந்துகொள்வாள். வாயால் சொல்லும் பாவம் தனக்கு வேண்டாம்.

புன்னைக்கட்டையை ஒன்றரை முழத்துக்குக் குடைந்தான். தகரம் போர்த்தி, ஆணி வரிசைக்குக் குண்டூசித் தலைகளைப் பதித்தான். உடைந்த குடைக்கம்பி பெரிஸ்கோப் ஆனது. அடியில் மெய்யான மணலையும் சிப்பி ஓட்டையும் பரப்பினான். கடைசியாக டார்பிடோ குண்டுகளை அடுக்கியபோது ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் மிஞ்சியது. அதில் என்ன வைத்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பொருட்காட்சிக்குத் தங்கையைக் கூட்டிவந்தான். அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானாண்ணே உள்ள?"

"இவ்வளவுதான்ளா. சொந்த ஆளுக்கே நிமிந்து நிக்க எடமில்ல."

"அப்போ அந்தக் குண்டுக்குப் பக்கத்துல சுருண்டு கெடக்கது யாரு?"

கோமணம் கட்டிய ஒரு மரமனுஷன், விரல் நுனி அளவில் அங்கே கிடந்தான். அவன் இடுப்பில் கட்டிய நூல் நீர்மூழ்கியின் மேல்மூடி வழியாக வெளியேறி, பெட்டியின் விளிம்பில் நின்ற குட்டித் தோணியையும் தாண்டி வெளியே தொங்கியது. ஹென்றிக்கு இடமில்லை என்று காட்டக் கிளம்பியவன் ஹென்றிக்கு இடம் செய்துவைத்திருந்தான். தங்கையைவிடத் தானே அதிகம் காத்துக்கிடக்கிறோம் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

கிருபாநிதி வாத்தியார் அவசரமாக வந்தார். "ரோச்சு, நீர்மூழ்கிக்கு ஏதுய்யா கயிறு? பாக்கிறவன் சிரிப்பான். அறுத்துவிடும்" என்று கத்திரியை நீட்டினார். ரோச் வாங்கினான். கத்திரி வாயைத் திறந்தது, மூடவில்லை.

"மச்சான் கை அறுக்காது சார்" என்றாள் சலேத்தம்மாள். "அண்ணே, இங்கன குடுங்க."

"வேண்டாம்ளா."

"உங்க கையும் எத்தன நாளைக்குத்தான் பிடிக்கும்?"

மேல்மூடிக்குச் சற்று மேலே அவளே நறுக்கினாள். நூல் தொய்ந்து விழுந்தது. கத்திரியைத் திருப்பிக் கொடுத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கோயில்ல பூசைக்குச் சொல்லிருங்கண்ணே" என்றாள்.

இரண்டு வருடமாக அவன் கேட்கத் தவித்த வார்த்தை. கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோயிலுக்கு நடந்தபோது அறுந்த நூலை ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்தான். தோணியில் கயிறு பிடிப்பவர்கள் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள், கீழே சுண்டினால் உடனே தெரிய வேண்டுமே. கடற்கரை ரோட்டில் காற்று அடித்தது. சுண்டுகிறதோ என்று ரோச் இரண்டு தடவை நின்றான்.