கார்பன் பாரில் மார்கிறட்

என் மகன் பிறின்ஸ் கனடாவிலிருந்து வந்தபோது ஒரு பந்தயச் சைக்கிளையும் கொண்டுவந்தான். திரும்பிப் போகும்போது அதை எங்கள் வவுணதீவு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். உடம்பு முழுக்கக் கார்பன். பாரத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சுவரில் சாத்திவிட்டு நான் தும்மினால் அது வேலிக்கு அங்கால் போய் நிற்கும். குழாய்கள் உருண்டை இல்லை. காற்றைக் கிழிப்பதற்கென்று மீன் செட்டை மாதிரித் தட்டையாக வார்த்திருந்தார்கள். ஆறடி உயரமான அவனுக்கு அளவெடுத்து வாங்கியது. நானோ ஐந்தடியும் கொஞ்சம் நப்பாசையும். ஹாண்டில் எட்ட வேண்டுமென்றால் தீன் பொறுக்கும் கோழிபோலக் குனிந்து, அதற்கு மேலும் நீள வேண்டும். இறங்கினாலும் உடனே நிமிர முடியாது. நிமிரும்வரை நிலத்தில் எதையோ தொலைத்தவன்போல நடிப்பேன்.

பெற்றோல் இல்லாத அந்த வருசம் நடந்தது இது. என் மனைவி மார்கிறட்டுக்கு ஒரு கண் முந்தியே போய்விட்டது. மற்றக் கண்ணிலும் வெள்ளை படர்ந்துகொண்டு வந்தது. கொடியில் காயும் என் சாரத்தை நான் என்று நினைத்துக் கதைத்துக்கொண்டு நிற்பாள். சாரம் எதிர்த்துக் கதைக்காதபடியால் என்னைவிட அதையே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒப்பரேசனுக்கு ஒரு திகதி கிடைக்க வருசக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஒன்று கிடைத்தது. "கண்ணுக்குள்ள வைக்கிற வில்லை கையிருப்பில கொஞ்சந்தான் இரிக்கி. அண்டைக்குக் காலமை வராட்டி அடுத்த ஆளுக்குப் போயிரும். மறுகா எப்ப எண்டு சொல்லேலாது" என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் காலமைதான், எங்களை ஏற்றிப்போவதாகச் சொன்ன ஓட்டோக்காரச் சுதாகரன் வெறுங்கையோடு வந்து படலையில் நின்றான்.

"சில்வெஸ்டர் அண்ணன், ராவு முழுக்க வரிசையில நிண்டன். எனக்கு முன்னாலயே எண்ணெய் முடிஞ்சிட்டு."

பஸ் இல்லை. பக்கத்து வீட்டு வல்லிபுரம் தன் இரும்புச் சைக்கிளில் விடியவே வயல் வட்டைக்குப் போய்விட்டான். அவனுடைய பின் கரியலில் ஒரு மூடை நெல்லே ஏறும்; மார்கிறட் ஏறமாட்டாளா? ஓடிப் போய்ப் பார்த்தேன், கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான் கிடந்தது. நடக்கலாம் என்றால் அவளுடைய முழங்கால் விடாது.

கோயில் சேலை உடுத்து, குடையைப் பிடித்தபடி வாசலில் இருந்த மார்கிறட் சொன்னாள்:

"அப்ப விடுங்க. இருட்டுக்குப் பழகிக்கொள்ளுறன்."

எதையும் விடாதவள் அவள். அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பிச் சுவரில் சாத்தியிருந்த கார்பன் சைக்கிளைப் பார்த்தேன். கரியல் இல்லை. சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் பார்தான் இருந்தது. பிறின்சுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அந்தப் பாரில ஆரையும் இருத்திப்போடாதீங்க. சீற்றில இருந்து ஓடுற பாரத்த அது சுகமாத் தாங்கும். பாருக்கு மேல ஒரு ஆள் குந்தினா முட்டைக் கோதுதான்."

"எவ்வளவு பாரம் தாங்கும் மனே?"

"அப்பா."

"சும்மா அறியக் கேட்டன்."

"அம்மா பக்கத்தில நிக்கிறாவோ?"

லைனைக் கட் பண்ணினேன். பாரில் துவாயை நாலாக மடித்துக் கட்டி, மார்கிறட்டைக் குறுக்காக இருத்தி ஏறி மிதித்தேன். காற்றுக்கு ஒளித்து ஓடவென்று செய்த சைக்கிள், முன்னால் ஒரு கோயில் சேலையோடு போனது. முன்னால் இருந்தவளுக்குக் கண் தெரியாது. கண் தெரிந்த எனக்கு முன்னால் மார்கிறட். எங்கள் இருவருக்கும் வழி காட்டியது எதிரே வந்தவர்களின் ஏச்சுத்தான்.

"ஆடொண்டு நிக்கிது போல" என்பாள்.

"அது தந்திக்கம்பம்" என்று சொல்லி ஹாண்டிலை வெட்டுவேன். அது ஆடுதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேலே போகிற வலையிறவுப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது துவாய்க்குக் கீழே அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

"என்ன அது?"

"ஒண்டுமில்ல. இறங்கு."

பார் நெடுக வெடித்து, உள்ளே கறுப்பு நார் தெரிந்தது. வெயிலும் ஏறிவிட்டது. ஆசுபத்திரி வாவிக்கு அந்தப் பக்கம். நான் அழவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

அப்போது பின்னாலிருந்து கச்சான் காற்று எழும்பியது. மேற்கே இருந்து வயலையெல்லாம் வறுத்துக்கொண்டு வருகிற காற்று. வெயிலுக்கென்று மார்கிறட் குடையை விரித்தாள். விரித்ததும் நாலடி முன்னுக்குப் போய் நின்றாள். ஒரு கையால் சைக்கிள் சீற்றை ஊன்றிப் பிடிக்கச் சொன்னேன். முழங்கால் பாரத்தைச் சைக்கிள் வாங்க, குடையைக் காற்று தள்ள, ஹாண்டிலைப் பிடித்து நான் இழுபட, பாலத்தைக் கடந்தோம். சின்ன வயதில்கூட அவள் அவ்வளவு கெதியாக நடந்ததை நான் காணவில்லை.

அதே காற்றோடு மூச்சு வாங்க ஆசுபத்திரிக்குள் போனோம். பெயரை இன்னும் கூப்பிடவில்லை; கண்ணுக்கு வைக்கிற வில்லையும் மிச்சமிருந்தது. கண் வாட்டில் டினோஷா என்ற நேர்ஸ் பிள்ளை மார்கிறட்டின் கையில் பட்டியைச் சுற்றி அமத்திப் பார்த்து, முகத்தைச் சுருக்கினாள்.

"ஐயா, பிறஷர் எக்கச்சக்கம். இப்படி எண்டா டொக்டர் தொடமாட்டார். கொஞ்ச நேரம் இருத்திப் பாப்பம். குறையாட்டி இண்டைக்கு இல்ல."

"இன்னொரு நாள்?"

அவள் பட்டியைச் சுருட்டினாள். "அவவோட ஒண்டும் கதைக்காதீங்க. அமைதியா இருக்கட்டும்."

பாலத்தைக் கடந்தது பெரிதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதுதான் பெரிது. சொல்ல வந்ததெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது. மார்கிறட் குடைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். டினோஷா திரும்ப வந்து அளந்தாள். முந்தியதைவிடக் கூடியிருந்தது.

"இன்னும் ஒருக்கா மட்டும் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"என்னத்த மறைக்கிறீங்க?" என்றாள் மார்கிறட், மெதுவாக.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அது அவளுக்குத் தெரியாது.

"டொக்டர் இந்தக் கண்ணும் சரிவராது எண்டு சொல்லிட்டாரோ? ஒண்டுமில்லாட்டி நீங்க வாயப் பொத்திக்கொண்டு இருக்கிற ஆளா? நம்மட கலியாணத்தில பாதிரியார் கேட்டு முடிக்க முன்னமே பதில் சொன்ன மனிசன்."

பயம் அவளுக்கு என் மௌனத்தால். அது விளங்கியதும் வாயைத் திறந்துவிட்டேன்.

"மார்கிறட், பாலத்தில நீ நிலத்த விட்டு எழும்பினது உனக்குத் தெரியுமா?"

"பொய்."

"முழங்கால் உயரம். கால்ல பிடிச்சி இழுத்தது நான்தான். வாவியில வலை வீசினவன் வலைய விட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்."

"அவன் என்னத்துக்குக் கும்பிடுறான்?"

"மாதாதான் வாறா எண்டு நினைச்சிட்டான். கோயில் சேலைதானே உடுத்திருந்தாய்."

அவளுடைய தலை என் தோளில் சாய்ந்தது. "பொய் மூடை" என்றாள். குடைப்பிடியைத் திருகுவதை விட்டுவிட்டாள். "மறுகா?"

டினோஷா பட்டியோடு வந்து நிற்பதைக் கண்டு வாயை மூடினேன்.

"நிப்பாட்டாதீங்க ஐயா," என்றாள் அந்தப் பிள்ளை, பிறஷர் மானியைப் பார்த்தபடி. "இறங்குது."

நான் விடுவேனா? உருட்டுக்கட்டிலோடு ஒப்பரேசன் அறை வாசல்வரை நடந்து நடந்து சொன்னேன். கதவைச் சாத்தும்போது மார்கிறட்டும் நானும் தென்னைமர உயரத்தில் பறந்துகொண்டிருந்தோம்.