எண்ணெய் காயாத பெஞ்ச்

"உட்கார்ந்தபடியே போய்ட்டார் சார். பந்தல் நிழல், லேசா காத்து, மடியில புத்தகம்" என்று அவன் எதிர்வீட்டுப் பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் சொன்னபோது காற்று மட்டும்தான் இருந்தது. புத்தகம் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. பேராசிரியர் கண்களை மூடித் திறந்து, ஞானிகளுக்குத்தான் இப்படி வாய்க்கும் என்றார். தண்ணீர் கொண்டுவந்த மனைவி தம்ளரை வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள்.

அப்பா கூடத்தில் வெள்ளைப் போர்வைக்குள் படுத்திருந்தார். வந்தவர்கள் அவரை ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு தோட்டத்துக்குப் போய்ப் பெஞ்சை வெகுநேரம் பார்த்தார்கள்.

பார்க்க வேண்டிய பெஞ்சுதான். அதைத் தேர்ந்தெடுக்க அவன் ஒரு கோடைக்காலத்தையே செலவழித்திருந்தான். இரும்பு சுடும் என்றான். சிமென்ட் போட்டால் பேருந்து நிறுத்தம் மாதிரி இருக்கும். பிரம்பு, உட்கார்ந்தவர் எழுந்த பிறகும் முனகும். கடைசியில் தேக்கு வந்தது. அதன் மேல் பந்தல் போட்டுக் கொடியை அடர்த்தியாகப் படரவிட்டான். இத்தனை நிழல் வேண்டாம், ஈரம் காயாது, மரம் பாசி பிடிக்கும் என்றார் அப்பா. நிழலென்றால் நிழலாக இருக்க வேண்டும் என்று, அலுவலகக் கூட்டத்தை முடித்துவைப்பதுபோல் அவன் முடித்துவைத்தான். பாசி பிடித்தது. அன்றிலிருந்து பெஞ்ச் அவனுடையது, பாசி அப்பாவுடையது.

அவர் தேய்ப்பார், வெயிலுக்கு இழுத்துக் காயவைப்பார், எண்ணெய் பூசுவார். அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எண்ணெய் காயட்டுமே என்பார். காய்ந்ததும் யாராவது விருந்தாளி வந்துவிடுவார்.

இன்று சாயங்காலம் அவனுடைய பெரிய மேலாளர் தேநீருக்கு வருவதாக இருந்தது. பெஞ்ச் பச்சையாகக் கிடக்கிறது, மானம் போய்விடும் என்று காலையில் அப்பாவிடம் சொன்னான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, வெயில் தாழப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டார். "அப்புறம் எண்ணெய் எப்பப்பா காயும்?" என்றான் அவன். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் தரையில் மண்டியிட்டு, நெற்றியைப் பெஞ்சில் சாய்த்திருந்தார். துணி கையிலேயே இருந்தது.

அக்கா வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, அவர் கடைசியாக உட்கார்ந்த இடத்தில் தானும் கொஞ்சம் உட்கார வேண்டும் என்று எழுந்தாள். தடுப்பதற்கு அவனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. பின்னாலேயே போனான்.

"எந்தப் பக்கம்டா உக்காந்திருந்தார்?"

வலது பாதியில் இன்னும் பாசி இருந்தது. அதைக் காட்ட முடியாது. இடது பக்கத்தைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள், கண்ணைத் துடைத்தாள், எழுந்தாள். சேலையின் பின்புறம் வரிவரியாக எண்ணெய். கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனவள் திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது.

"அப்பாவோட பேன்ட் அங்க கிடக்கு. பின்னாடி ஒரு பொட்டு எண்ணெய் இல்ல. முட்டி ரெண்டும் மண்ணு."

அவன் கொடியைப் பார்த்தான்.

"அந்தப் புத்தகம் எங்கடா? நான் எடுத்துட்டுப் போறேன்."

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

தேநீருக்குச் சொன்ன நேரத்துக்கே பெரிய மேலாளர் துக்கத்துக்கு வந்தார். பேராசிரியர் அவரை வாசலிலேயே பிடித்து முழுக்கதையையும் சொல்லியிருந்தார். புத்தகம் இப்போது தத்துவ நூலாகியிருந்தது. "இதுதானா அந்த இடம்" என்ற மேலாளர், மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு, பயபக்தியோடு தம்மைத் தாழ்த்தத் தொடங்கினார். அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காராதீங்க சார்" என்றான் அவன்.

மேலாளர் பாதி குனிந்த வாக்கில் நின்றார்.

"எண்ணெய் காயல. அப்பா இதுல உக்காரவும் இல்ல. மண்டி போட்டுத் துடைச்சிட்டிருந்தார். நீங்க வர்றீங்கன்னு."

பேராசிரியர் தம் செருப்பை ஆராய்ந்தார். மேலாளர் மெல்ல நிமிர்ந்தார். எந்தக் கூட்டத்திலும் சங்கடமான இடத்தைக் கடத்திவிடத் தெரிந்தவர் அவர். பெஞ்சை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் பூசியிருக்கார். எங்க வீட்லயும் இதே பாசித் தொல்லை. என்ன எண்ணெய் இது?"

அவனுக்குத் தெரியவில்லை.

"இருங்க சார், கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று திரும்பி, கூடத்தை நோக்கி வேகமாக நடந்தான்.

படியில் ஒரு கால் வைத்ததும் நின்றுவிட்டான். உள்ளே யாரோ மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். போர்வையின் ஓரம் அசையாமல் கிடந்தது.