கோல்பெக் ஓடை வாங்கிய மைனஸ் மூன்று

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை கோல்பெக் ஓடை தன் படுகையை விட்டு எழுந்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறிய மாணவர்கள் ஏறிய லாரிக்குப் பின்னால் தார்ச்சாலையில் போனது. அன்று டீசல் விலை சற்று இறங்கியிருந்தது. டென்மார்க்கில் எங்கள் ஊரில், வெள்ளைத் தொப்பி போட்ட வகுப்பு முழுவதும் அன்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகும். வீட்டார் எல்லோருக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஓடையை யாரும் அழைக்கவில்லைதான். ஆனால் மூன்று வருடம் அந்த வகுப்போடு அதுவும் இருந்தது.

வாரந்தோறும் மாணவர்கள் அதன் கற்களைப் புரட்டிப் பூச்சி தேடினார்கள். நல்ல தண்ணீரில் வாழும் பூச்சி ஒன்றுகூட இல்லாததால், விளையாட்டாகப் பள்ளி மதிப்பெண்ணையே போட்டார்கள்: மைனஸ் மூன்று. பூஜ்யத்துக்குக் கீழேயும் மதிப்பெண் வைத்திருக்கும் நாடு எங்களுடையது. கல்வியில் அவ்வளவு முன்னேற்றம். ஓடையைச் சீரமைக்க நகராட்சி அமைத்த குழு காப்பியும் கேக்குமாகக் கூடி, ஆழ்ந்த கவலை தெரிவித்து, கரையில் ஒரு பெஞ்ச் போட்டது. கழிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மற்ற வேலையாம். ப்ரெபெனின் பன்றிப் பண்ணைக் குழாய் உடைந்திருப்பது ஊருக்கே தெரியும். அந்தப் பக்கத்துத் தண்ணீரைச் சோதிப்பது, அதே வகுப்பில் படித்த அவர் மகள் சில்யெயின் பொறுப்பு. வேலிவரை போய், முள் என்று சொல்லித் திரும்பிவிடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அபராதம் விழுந்தால் பண்ணையோடு வீடும் போய்விடும்.

பேக்கரிக்காரர் வீட்டில் ஓடைக்கும் எலுமிச்சைச் சாறு ஊற்றினார்கள், குடித்தது. கடைசியாக ப்ரெபெனின் முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக வந்து நின்றது. மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னம்மா, இதுவுமா உன் கிளாஸு?" என்றார் ப்ரெபென், தம்ளர் அடுக்கிய தட்டோடு.

"மூணு வருஷமாப்பா. எப்பவும் மைனஸ் மூணுதான்."

"அவ்வளவு மக்கா?"

சில்யெ தொப்பியைக் கழற்றினாள். "மக்கெல்லாம் இல்லப்பா. சாப்பாடுதான் சரியில்ல. தினமும் நம்ம வீட்டுச் சாப்பாடு."

லாரியில் பாட்டு நின்றது. ப்ரெபென் தட்டைக் கீழே வைத்தார். மண்வெட்டியோடு கொட்டிலுக்குப் பின்னால் போய்க் குழாயை அடைத்தார். பிறகு தானே நகராட்சிக்குப் போன் செய்தார். சனிக்கிழமை, எடுக்க ஆளில்லை.

அபராதத்துக்குப் பாதிப் பன்றிகள் போயின, வீடு தங்கியது. ஓடை அனுமதியின்றிச் சாலையைப் பயன்படுத்தியது பற்றி விசாரிக்கக் குழு இன்னும் கூடுகிறது, கேக்கோடு. அடுத்த கோடையில் புது மாணவர்கள், படுகைக்குத் திரும்பியிருந்த ஓடையின் கல்லுக்கடியில் நல்ல தண்ணீர்ப் பூச்சியைக் கண்டு இரண்டு மதிப்பெண் போட்டார்கள். எங்கள் கணக்கில் அது தேர்ச்சி. ப்ரெபென் முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏற்றினார். பிள்ளை தேறினால் எல்லா வீட்டிலும் ஏற்றுவதுதான்.