பழம் விட்ட காந்தங்கள்

பழைய பிஸ்கட் டின்னைத் திறந்ததும் முதலில் துரு வாசனை வந்தது, அடுத்து அக்கா வந்துவிட்டாள். நிஜ அக்கா விமானம் ஏறிப் போய் எங்கேயோ வேலை பார்க்கிறாள். ஆனாலும் அந்த டின்னுக்குள் அவள் அப்படியே இருந்தாள். தலை போன பிளாஸ்டிக் குதிரை, உடைந்த ஹேர்கிளிப், அடியில் இரண்டு சட்டக் காந்தங்கள். பாதி சிவப்பு, பாதி நீலம். ஒன்று என்னுடையது, இன்னொன்று அவளுடையது. அவளுடையதில் காம்பஸ் முனையால் கீறிய ஒரு கோணல் நட்சத்திரம்.

மறுநாள் எனக்கு மாதிரி வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காந்தம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். தலைமை ஆசிரியை பின்னால் உட்கார்ந்து பார்ப்பார், பிடித்திருந்தால் வேலை. அதுவரை ஏறி இறங்கிய பள்ளிகளில் எல்லாம் "அனுபவம் இல்லையேம்மா" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் மாமாவின் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"அந்தப் பள்ளிக்கூடத்துல காந்தம் இருக்காதா? இந்தத் துருவை எதுக்குத் தூக்கிட்டுப் போற?" என்றாள் அம்மா.

"இதுல எடுத்தாத்தாம்மா எனக்குப் பேச்சு வரும்."

"உனக்கா? உனக்குப் பேச்சு நிக்கிறதுக்குத்தான் ஏதாவது வாங்கணும். இதை வெச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் என் தையல் ஊசி ஒண்ணு விடாம நாசம் பண்ணீங்க."

பண்ணினோம்தான். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அட்டையின் மேல் ஊசிகளைப் பரப்பி, கீழே காந்தத்தை நகர்த்துவோம். ஊசிகள் எழுந்து நின்று ஊர்வலம் போகும். அக்கா ரேடியோக் குரலில் வர்ணனை கொடுப்பாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அன்று மாலை குண்டூசி, ஆணி, சாவி, ரப்பர், ஸ்பூன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் பார்த்து ஒத்திகை முடித்தேன். இரண்டு காந்தங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. ஒரே நிறம் தள்ளும், வேறு நிறம் இழுக்கும், அதில் போய் ஒத்திகை என்ன?

வகுப்பு அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. குண்டூசி குத்திய காகித மீன்களை நூலில் கட்டிய காந்தத்தால் பிடிக்கும் விளையாட்டு. மூலையில் இருந்த வாலு ஒருத்தன் என் சாவிக்கொத்தையே பிடித்துவிட்டான். தலைமை ஆசிரியை லேசாகச் சிரித்ததைக்கூடப் பார்த்தேன். அந்தத் தெம்பில் காந்தங்களை இரண்டு கையிலும் உயர்த்தினேன்.

"இப்ப சிவப்பும் சிவப்பும் கிட்ட வரப்போகுது. என்ன ஆகும் தெரியுமா? சண்டை! ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். பாருங்க!"

டக்.

ஒட்டிக்கொண்டது.

முதல் வரிசை இரட்டைச் சடைக்காரி கத்தினாள். "டீச்சர், பழம் விட்டுக்கிச்சு!"

வகுப்பே சிரித்தது. பிய்த்தெடுத்து, சிவப்பையும் நீலத்தையும் சேர்த்தேன். வழுக்கி ஓடின. பின்னால் தலைமை ஆசிரியையின் பேனா எழுதுவதை நிறுத்தியிருந்தது. பேசாமல் பையில் போட்டுவிட்டுக் கரும்பலகையில் படம் போட்டுத் தப்பித்துவிடலாமா என்று யோசிக்கும்போதே வாலு எழுந்தான்.

"டீச்சர், பொய் சொல்றது நீங்களா, காந்தமா?"

"தெரியலையேடா," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "கண்டுபிடிப்போமா?"

மீன் பிடித்த நூலிலேயே என் காந்தத்தை நடுவில் கட்டி ஜன்னலோரம் தொங்கவிட்டோம். அது சுற்றிப் போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

"அதுக்கு ஜன்னலைத்தான் பிடிச்சிருக்கு டீச்சர்."

"ஜன்னல் கம்பி இரும்புல்ல? வேற எங்க தொங்கவிடலாம்?"

"நடுவுல!"

"மேசைக் காலும் இரும்புடா, லூசு!"

அவ்வளவுதான். நான் சொல்வதற்குள் மேசைகள் கிறீச் கிறீச்சென்று சுவரோரம் போயின. அத்தனை பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இரட்டைச் சடைக்காரி மர ஸ்கேலை நீட்டிப் பிடித்தாள், அதன் முனையில் காந்தம்.

"மூச்சு விடாதீங்கடா, ஆடுது!"

"காலைல எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் ஒரே ஜன்னலைக் காட்டின. "அந்தப் பக்கம் பார்த்து நின்னா இடது கைப் பக்கம் வடக்கு." தரையில் சாக்பீஸால் ஒரு அம்பு போட்டேன். காந்தம் ஆடி ஆடி, சலித்துப்போய் நின்றது. அதன் சிவப்பு அம்பின் பக்கம். அதைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு அக்காவின் நட்சத்திரக் காந்தத்தைத் தொங்கவிட்டோம். இது மெதுவாகத் திரும்பி, நீலத்தை அம்பின் பக்கம் காட்டியது.

"நட்சத்திரம்தான் திருடன்!"

வாலு அதைப் பிடுங்கி நகத்தால் சுரண்டினான். "டீச்சர்! சிவப்புக்கு உள்ள நீலம் இருக்கு!"

அந்தச் சுரண்டலில் ஒரு மழை நாள் வெளியே வந்தது. எனக்கு ஐந்து வயது. அக்காவோடு காய் விட்டிருந்தேன். எதற்கென்று இப்போது நினைவில்லை. "உன் காந்தத்துக்குக்கூட என்னோடதைப் பிடிக்கல, தள்ளிவிடுது பாரு" என்று அழுதேன். அவள் தன் காந்தத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை வீடெல்லாம் நகப்பூச்சு வாசனை. என் வண்ணப் பெட்டியில் நீலம் காலி. "இப்ப வெச்சுப் பாருடி" என்று நீட்டினாள். சிவப்பும் சிவப்பும், டக். "அதுங்களே பழம் விட்டுருச்சு. உனக்கு என்னடி?"

நானும் விட்டேன். ராத்திரியில் சமாதானம் ஆகிற சாமான் காந்தம் என்று ரொம்ப நாள் நம்பினேன்.

"டீச்சர், ஏன் சிரிக்கிறீங்க?"

சொன்னேன். வகுப்பு முழுக்கக் கதை கேட்டது. வாலு மட்டும் காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ கலர்ல ஒண்ணும் இல்ல டீச்சர். வடக்கும் வடக்கும்தான் தள்ளிக்கும். மேல என்ன பூசினாலும் அது மாறாது."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடியதும் தலைமை ஆசிரியை எழுந்து வந்து, கலைந்து கிடந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த மேசையெல்லாம் யாரு எடுத்து வைப்பாங்க?"

போச்சு, மாமா கடைதான் என்று நினைத்தேன். "நானே வெச்சிடறேன் மேடம்."

"வைங்க. திங்கட்கிழமையும் நீங்கதான் வைக்கப்போறீங்க. வரும்போது அந்தத் திருட்டுக் காந்தத்தை மறந்துடாதீங்க, நாலாம் வகுப்புக்கும் காட்டணும்."

வாசலைத் தாண்டியதும் அக்காவுக்குப் போன் போட்டேன். வேலை கிடைத்ததைச் சொல்வதற்கு முன்னால் நகப்பூச்சைத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"இப்பத்தான் கண்டுபிடிச்சியா, மக்கு? அது அம்மாவோட புது பாட்டில். அதுக்கு நான் வாங்கின அடி உனக்குத் தெரியுமா?"

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா மறுபடியும் காய் விட்டுருப்ப." சட்டென்று கேட்டாள். "சுரண்டிட்டியா?"

"ஒருத்தன் கொஞ்சம் சுரண்டினான். மிச்சம் அப்படியே இருக்கு."

"ஒட்ட வை, கேக்கலாம்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நடுத்தெருவில் நின்று சிவப்பையும் சிவப்பையும் கிட்டே கொண்டு போனேன்.

டக்.

"கேட்டுச்சா?"

"இன்னொரு தடவை," என்றாள் அக்கா.