மருந்து ஏறாத மாடு

பசுமாடு சிவலைக்கு வால் நுனியில் ஊசி போட்ட மறுநாளே அந்த இடம் தடித்துவிட்டது. வீரையா தொட்டுப் பார்த்தான். கொதித்தது.

மலைநாட்டில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருமல் சீக்கு வந்திருந்தது. மாடு இருமும், கழுத்தை நீட்டி மூச்சுக்கு அலையும், பிறகு விழும். அதற்குச் சோதித்துப் பார்க்கிற புது மருந்தைத் தொழிலாளர் லயத்து மாடுகளுக்கெல்லாம் போட வேண்டுமென்பது பெரிய தொரையின் உத்தரவு. போட வந்தவர் மாட்டு டாக்டர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்துக்காரர்.

“முந்தி, செத்த மாட்டின்ரை நெஞ்சுத் தண்ணியை எடுத்து வாலிலை ஏத்தினது. அதாலையும் கன மாடு செத்தது. இது போத்திலிலை வளத்து வீரியம் அடக்கின கிருமி. வால் வீங்கும், வீங்கட்டும். அப்பதான் மருந்து உடம்பிலை ஏறும். ஆராவது வாலிலை கை வைச்சால் மாட்டைச் சுட்டுப்போடுவன், விளங்கிச்சோ?”

விளங்கியது. ஆனால் வத்தேகமத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அந்தப் பழைய மருந்து போட்ட மாடுகளை வீரையா பார்த்திருந்தான். வீக்கம் நுனியில் தொடங்கி, மேலே ஏறி, பிட்டம் வெடித்துப் புழுத்துச் செத்தன. அவன் தேயிலைச் செடிகளை வெட்டிச் சீர்செய்யும் கவ்வாத்துக்காரன். அழுகல் கண்ட கிளையை நல்ல கட்டை தெரியும்வரை இறக்கி வெட்டாவிட்டால் செடியின் தூரே பட்டுப்போய்விடும் என்பது அவன் கைக்குத் தெரியும். கையோ மாடு வேறு, தேயிலை வேறு என்று பார்க்கவில்லை. அவன் மனைவி பாப்பம்மாவின் மார் வற்றிப்போயிருந்தது. கைக்குழந்தை குடித்ததெல்லாம் சிவலையின் பால்தான்.

விடியுமுன், வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்குத் தப்பு அடிப்பதற்குள், பாப்பம்மா கொம்பைப் பிடித்துக்கொள்ள, கவ்வாத்துக் கத்தியால் வீக்கத்துக்கு ஒரு சாண் மேலே ஒரே வெட்டு. சிவலை அலறிக்கொண்டு முன்காலால் மண்டியிட்டது. வீரையா தாரைக் காய்ச்சி அப்பினான். அறுந்த வாலை மழைநீர்க் கானில் வீசினான்.

அம்பலவாணர் திரும்பி வந்தபோது புண் ஆறியிருந்தது.

“வால் எங்கை?”

“அழுகி விழுந்திருச்சுங்க ஐயா.”

டாக்டரின் முகம் மலர்ந்தது. “அப்ப நல்லாப் பிடிச்சிருக்கு! இந்த லயத்திலை வால் விழுந்த முதல் மாடு இதுதான். இதையும் கொண்டு போவம்.”

“எங்கங்க ஐயா?”

“வா, காட்டுறன்.”

பேராதனை ரோட்டை ஒட்டி, மூங்கில் வேலிக்குள் ஒரு நீளக் கொட்டில். வீரையாவோடு, வேலையாட்களை மேய்க்கும் அழகையா கங்காணியும் வந்திருந்தார். உள்ளே இருமல் கேட்டது. எலும்பும் தோலுமான மாடுகள் வாயில் நுரை தொங்க நின்றன. அவற்றுக்கு இடையிடையே ஊசி போட்ட மாடுகளை ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும்படி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சீக்கு மாட்டோடயா கட்டப்போறீங்க?”

“ஓம். மருந்து காக்குதோ இல்லையோ எண்டு வேறை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நீ பயப்படாதை. உன்ரை மாட்டுக்கு ஒண்டும் வராது.”

வீரையா சிவலையின் தும்புக் கயிற்றை விடவில்லை. சொன்னால் சுடுவார்கள். சொல்லாவிட்டால் அந்த நுரை. கடைசியில் டாக்டரின் காலில் விழுந்தான்.

“சாமி, வால் தானா விழலீங்க. நாந்தான் வெட்டுனேன். வீங்குனதுமே வெட்டிட்டேன். அதுக்கு மருந்து ஏறவே இல்லீங்க. சுட்டுறாதீங்க சாமி, புள்ளைக்குப் பாலு அதுதான்.”

அழகையா கங்காணி தொடையில் தட்டிச் சிரித்தார். “அடப்பாவி! மாட்டுக்கும் கவ்வாத்து வெட்டிட்டியாடா?”

அம்பலவாணர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கொட்டிலின் மறுகோடியில் நின்ற வெள்ளைக்கார டாக்டரிடம் போய் இங்கிலீசில் பேசினார். அவன் திரும்பி சிவலையின் மொட்டை வாலைப் பார்த்துத் தலையாட்டினான். அம்பலவாணர் வந்து வீரையாவின் தோளைத் தட்டினார்.

“எழும்பு. ஆரும் சுடமாட்டினம். மருந்து ஏறாத மாடு ஒண்டும் எங்களுக்கு வேணும், தெரியுமோ? ஏறினதும் ஏறாததும் பக்கத்திலை நிண்டால்தானே வித்தியாசம் தெரியும். எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாச்சு, ஏறாததைத் தேடிக்கொண்டு திரிஞ்சம். நீ கொண்டந்து தந்திட்டாய்.”

வீரையா தும்பைக் கையில் சுற்றி இழுத்தான். கங்காணி அவன் மணிக்கட்டை முறுக்கி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். “தொரை மாடு கேட்டா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே! லயத்துல இருக்க எண்ணமில்லையா ஒனக்கு?”

சிவலையைக் கொட்டிலின் நடுவில், இருக்கிறதிலேயே அதிகமாக இருமிய மாட்டின் பக்கத்தில் கட்டினார்கள். அது அந்த மாட்டின் முகத்தை நக்கிக்கொடுத்தது.

கவ்வாத்து வேலையிலிருந்து எடுத்து வீரையாவைக் கொட்டிலுக்குப் புல் அறுக்கப் போட்டார்கள். வீட்டில் பாப்பம்மா சோற்றுக் கஞ்சியைத் துணியில் வடித்துக் குழந்தைக்குப் புகட்டினாள். அது துப்பியது, பிறகு அழுதது, பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ஊசி போட்ட மாடுகள் அவன் அறுத்த புல்லைத் தின்று மினுமினுத்தன. சிவலை முதலில் புல்லை விட்டது. அப்புறம் இருமியது. முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. வீரையா ஒருமுறை தண்ணீரைக் கையில் அள்ளி நீட்டினான். குடித்தது மூக்கால் வெளியே வந்தது.

செத்ததும் அங்கேயே பிளந்தார்கள். விலாவோடு ஒட்டிக்கிடந்த நுரையீரலைப் பிய்த்து எடுத்து, கனம் தாங்காமல் வீரையாவைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார்கள். அவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் மேசையில் வைத்தான். கல்லைப்போல் இருந்தது. சூடு இன்னும் போகவில்லை.

அம்பலவாணர் குறுக்கே வெட்டிக் காட்டினார். “பார். மருந்து ஏறியிருந்தால் இப்பிடி இராது. ஊசி போட்ட மாடு ஒண்டுக்கும் ஒரு இருமல் இல்லை. மருந்து நல்ல மருந்து.” வெள்ளைக்காரன் ஏதோ சொன்னான். “தொரை உனக்கு நன்றி சொல்லுறார்.”

வீரையா நெஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டான்.

“சிவலைக்குக் குழி நான்தான் வெட்டணுங்களா, ஐயா?”

“ஓம். ஆழமா வெட்டு. சுண்ணாம்பு போட்டு மூடு. நாய் கிண்டப்படாது.”

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போனான்.