அடுத்த வரி அவளுடையது

'விளக்குக்காரி நரியின் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே தூக்கினாள். நரி அவள் தோளில் சாய்ந்து அழுதாள்' என்று நான் எழுதி அனுப்பிய ஐந்தாவது நிமிடம் என் கொழுந்தன் போன் செய்தான்.

"அண்ணி, மொதல்ல அதை அழிங்க."

"ஏன், ஏதாவது எழுத்துப் பிழையா?"

"நரி உங்க ஆள் இல்ல. உங்க ஆள் விளக்குக்காரி. விளக்குக்காரி என்ன செய்றா, என்ன பேசுறான்னு மட்டுந்தான் நீங்க எழுதலாம். நரி கையக் குடுக்குறாளா, அழுறாளான்னு நரிதான் எழுதணும். நேத்தே சொன்னேனே."

"பள்ளத்துல விழப்போற பொண்ணைப் புடிச்சு இழுக்கறது ஒரு குத்தமா தம்பி?"

"அவ விழல அண்ணி. இறங்கப்போறா. சரியாப் படிச்சுப் பாருங்க."

படித்தேன். 'நரி பள்ளத்தின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இடுப்பில் கயிற்றைக் கட்டினாள்' என்றுதான் இருந்தது. விழுவதாக எங்குமே இல்லை. நானேதான் அவளை விழவைத்து, தூக்கிவிட்டு, அழவும் வைத்திருக்கிறேன்.

நரி என் மகள். கதையில்தான் நரி, வீட்டில் அவள் என் ஒரே பெண், இருபத்து மூன்று வயது.

இந்த விளையாட்டுக்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேடம் எடுத்துப் பேசி ஆடுவதை, இவர்கள் ஆளுக்கோர் இடத்திலிருந்து ஓர் இணையதளத்தில் எழுதி ஆடுகிறார்கள். கதையை நடத்துபவன் என் கொழுந்தன். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். கைவிடப்பட்ட ஒரு சுரங்கம், அதில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவன் எழுதுவான். அங்கே நம் ஆள் என்ன செய்கிறாள் என்று நாம் எழுத வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவான். கதைக்கு வெளியே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒருவர் தன் வரியை எழுதாவிட்டால் அவருக்காகப் பகடையே முடிவு செய்துவிடும். யாராவது தட்டத் தொடங்கினால், 'நரி எழுதிக்கொண்டிருக்கிறாள்' என்று திரையின் அடியில் ஒரு வரி எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் முழுக்க நான் அந்த வரிக்காகத்தான் காத்திருந்தேன்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா என்றால், தேவைதான். என் மகள் என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது. போனை எடுப்பதில்லை. தோழி வீட்டில் தங்கியிருக்கிறாள். அந்தத் தோழியும் கோடாலி என்ற பெயரில் இதே கதையில் இருக்கிறாள். மகள் தினமும் திறந்து பார்க்கும் இடங்களில் என்னை உள்ளே விட்ட இடம் இது ஒன்றுதான். அதுவும் சித்தப்பா கெஞ்சியதற்காக. ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள்: "ஒரு தடவை விதியை மீறினா சொல்லுங்க சித்தப்பா. ரெண்டாவது தடவை வெளிய அனுப்பிடுங்க."

அந்த ஒரு தடவையை இரண்டாம் நாளே நான் செலவழித்துவிட்டேன்.

நான் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன். பாலங்களுக்கு அடியில் கயிற்றில் தொங்கியபடி விரிசல் பார்க்கும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்தது, வேறு ஊரில். படித்த படிப்புக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை ஆயிரம் இருக்க, இவளுக்குத் தொங்க வேண்டுமாம். 'சேர விருப்பமா என்று தெரிவிக்கவும்' என்று கேட்டு மெயில் வந்திருந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். வீட்டு லேப்டாப் சாப்பாட்டு மேசையில் திறந்திருந்தது. பதில் எழுதும் பெட்டி காலியாக இருந்தது.

நான் மருத்துவமனையில் பதிவு கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். பெயர், வயது, என்ன தொந்தரவு. வருபவர் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பெட்டிகளை நிரப்பிவிடுவேன். 'மூணு நாளா...' என்று இழுத்தால் 'காய்ச்சல்' என்று தட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். காலிப் பெட்டியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

'குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சேர இயலவில்லை' என்று எழுதி, கீழே அவள் பெயரைப் போட்டு அனுப்பினேன். தலையைத் துவட்டிக்கொண்டு அவள் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வேலைக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த பூட்ஸையும் அன்றே எடுத்து பீரோவுக்கு மேலே, பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன்.

பத்து நாளில் விஷயம் வெளியே வந்தது. அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றேன்.

"நீ வேணாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நான் வேணாம்னு சொன்ன மாதிரில்ல எழுதியிருக்க" என்றாள். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு கொழுந்தன் அடுத்த பகுதியை எழுதினான். நரி பாதிப் பள்ளத்தில் தொங்குகிறாள். கயிறு ஒரு பாறை முனையில் சிக்கி, இழை இழையாகப் பிரிகிறது. கீழே தண்ணீர் இரைகிறது. விளக்குக்காரியும் கோடாலியும் மேலே விளிம்பில். 'நரி, உன் முறை. என்ன செய்கிறாய்? பதில் இல்லை என்றால் புதன் நாலு மணிக்குப் பகடை. பத்துக்குக் கீழே விழுந்தால் கயிறு அறும்.'

செவ்வாய் முழுக்க நரியிடமிருந்து ஒரு வரி இல்லை. கவுன்ட்டரில் டோக்கன் நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் மாற்றிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேசைக்கு அடியில் போனை மடியில் வைத்து, ஆள் மாறும் போதெல்லாம் பார்த்தேன். சாயங்காலம் கொழுந்தனைப் பிடித்துக் கேட்டபோது அவன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். அதே நிறுவனத்தில் இன்னோர் இடம் காலியாகி, இவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள்.

"என்கிட்ட சொல்லிட்டுப் போவாளா?"

"தெரியல அண்ணி."

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. மூன்று மணிவரை திரை அப்படியே கிடந்தது. கொழுந்தனுக்குப் போன் அடித்தேன், தொடர்பு எல்லைக்கு அப்பால். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் குழிக்குள் நிற்கிறானோ. பகடையை மட்டும் தானாக உருளும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான், மகராசன்.

என் கணவர் காலை ஷிஃப்ட் பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கதைல விழுந்தா எலும்பா முறியப்போகுது? எதுக்கு இப்படி நடந்துக்கிட்டே இருக்க?"

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது. நரி செத்துட்டா இவ எதுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கப்போறா? இருந்த ஒரு வழியும் போச்சு. வெள்ளிக்கிழமை அவ பாட்டுக்கு ரயில் ஏறிடுவா."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நீ அனுப்பின மெயிலுக்கு நானும் வாயத் திறக்கலயே" என்றார். கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இந்த மனுஷன் எதையும் பாதியில்தான் சொல்வார்.

மூன்றே காலுக்கு என் போனில் சார்ஜ் தீர்ந்தது. வீட்டு லேப்டாப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தளத்தைத் திறந்தேன். மேல் மூலையில் விளக்குக்காரி என்று இருக்க வேண்டிய இடத்தில் நரி என்று இருந்தது.

வீட்டை விட்டுப் போனவள் இதில் தன் கணக்கிலிருந்து வெளியேறாமலே போயிருக்கிறாள். 'நரி, உன் முறை' என்றது திரை. கீழே காலிப் பெட்டி. அதற்குள் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது.

ஒரே ஒரு வரி. அவள் எப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். சின்னச் சின்ன வாக்கியம், அலங்காரம் கிடையாது. 'நரி மேலே பார்த்தாள். இறங்குவதை நிறுத்தினாள். கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினாள்.' தட்டினேன். அச்சு அசலாக அவள் எழுதியது போலவே வந்தது. உயிர் பிழைத்துவிடுவாள், யார் கேட்கப்போகிறார்கள்? அவளே கூட, தான் மறந்த நேரத்தில் யாரோ காப்பாற்றிவிட்டார்கள் என்று சும்மா இருந்துவிடலாம். விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது. போன விரல் திரும்பி வந்து இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்தது: 'மேலே வந்ததும் விளக்குக்காரியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.'

அந்த 'அழுதாள்' என்னைப் பிடித்து நிறுத்தியது. என் கைக்கு வந்தாலே இவள் ஏன் அழுகிறாள்? என் மகள் இந்த ஐந்து வாரத்தில் அழுதாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு தடவை எழுதிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அதே மேசை, அதே நாற்காலி. அன்று குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று அதுவும் இல்லை. எனக்கு என்மேலேயே அசிங்கமாக இருந்தது.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கணக்கை மூடினேன். மூடியதும் பயம் பிடித்துக்கொண்டது. இனி நினைத்தாலும் உள்ளே போக முடியாது, கடவுச்சொல் அவளிடம். மணி மூன்று முப்பத்தெட்டு.

என் பெயரில் உள்ளே போனேன்.

'விளக்குக்காரி விளிம்பில் குப்புறப் படுத்து, கையை நீட்டினாள்.'

அதோடு நிறுத்தினேன். பிடித்தாள் என்று எழுதவில்லை. அந்த முற்றுப்புள்ளியை வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குக் கீழே அடைப்புக்குறி போட்டேன்.

'(உன் கணக்கு இங்கே திறந்திருந்தது. உன் பேரில் எழுதப்போனேன். அழித்துவிட்டு மூடிவிட்டேன். அந்த மெயிலையும் நான் எழுதியிருக்கக் கூடாது. உன் நல்லதுக்கு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதனால் எழுதினேன். தப்பு என்னுடையது.)'

அனுப்பினேன். மூன்று நாற்பத்து மூன்று.

பிறகு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மேசையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டினேன். பக்கத்து அறையில் இவர் குறட்டை. மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்து மூன்று. கயிறு எத்தனை இழையில் நிற்கிறதோ என்று நிஜமாகவே நினைத்தேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்குத் திரையின் அடியில் அந்த வரி வந்தது. 'நரி எழுதிக்கொண்டிருக்கிறாள்.'

நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பதிவு வந்து விழுந்தது.

'நரி அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. "கையை எடு. விளக்கைக் கீழே காட்டு. கால் வைக்க இடம் தெரியவில்லை" என்றாள்.'

அதன் கீழே:

'(மூன்று இருபதிலிருந்து கோடாலி போனில் நரி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று ஓடியது. நான் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன வரும் என்று இரண்டு பேரும் பார்த்தோம். வந்தால் சித்தப்பாவிடம் சொல்லிக் கதையை விட்டே போய்விடுவது என்று இருந்தேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பது வண்டி. ஸ்டேஷனுக்கு வா. பூட்ஸை எங்கே வைத்திருக்கிறாயோ அங்கிருந்து எடுத்து வா. வேறு எதுவும் கட்டிக்கொண்டு வராதே.)'

கிட்டத்தட்ட இருபது நிமிடம் நான் தட்டுவதையும் நிறுத்துவதையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு! யாருக்குப் பிறந்தது என்று கேட்கத்தான் வழியில்லை.

'விளக்குக்காரி விளக்கைக் கீழே காட்டினாள்' என்று எழுதினேன். '(கொண்டு வருகிறேன்)' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தேன். 'வழியில் சாப்பிட ஏதாவது' என்று அதன் பின்னால் தட்டியதை அனுப்பும் முன்பே அழித்தேன்.

நாற்காலியைப் போட்டு ஏறிப் பீரோவுக்கு மேலே துழாவும் சத்தத்தில் இவர் எழுந்து வந்துவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பூட்ஸைத் தூசி தட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தேன். லேஸ் இரண்டும் அவிழ்ந்து தொங்கின. குனிந்து, இழுத்து இறுக்கிக் கட்டி வைக்கலாம் என்று கை போனது. கையை எடுத்துக்கொண்டேன். அவள் கால் அவளுக்குத் தெரியும், அவளே கட்டிக்கொள்வாள்.